பன்னிரண்டு இடுப்புகள்

முருகலட்சுமிக்கு இடுப்பு சரியில்லை என்பதை வாரியம்தான் கண்டுபிடித்தது. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருசமாக அவள் அந்த இடுப்பில்தான் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். சரியில்லாத இடுப்பு என்று தெரியாமல் இரண்டு பிள்ளைகளை வேறு பெற்று, அதே இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்துமிருந்தாள். என்ன துணிச்சல் பாருங்கள்.

கண்டுபிடித்தவர் பயிற்சியாளர் சிநேகா. சென்னையிலிருந்து வந்தவர், நல்ல பெண், வெயிலுக்குக் கழுத்தெல்லாம் வெள்ளையாக எதையோ பூசியிருந்தார். முருகலட்சுமியை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார், நின்றாள். கண்ணை மூடச் சொன்னார், மூடினாள். விலாவுக்குக் கீழே இரண்டு இடத்தில் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, கையிலிருந்த அட்டையில் குறித்துக்கொண்டார்.

"லெஃப்ட் ஹிப் மேல ஏறியிருக்கு. ரைட் ஹிப் தூங்குது. உங்களால திரும்பவே முடியாது."

"எங்கிட்டு டீச்சர் திரும்பணும்?"

"டார்கெட்டைப் பார்த்து."

முருகலட்சுமி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் கடல்தான் இருந்தது.

சாயல்குடிக்குத் தெற்கே, கடலுக்கு முந்திய கடைசி ஊர் ஒத்தப்பனைக் குடியிருப்பு. நாற்பது வீடு. மழை பெய்தால் மிளகாய் போடுவார்கள், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். முருகலட்சுமியின் கணவன் ராக்கப்பன் பெரும்பாலும் கரிமூட்டத்தில்தான் கிடப்பான். கிணறு வெட்டினால் உப்பு, போர் போட்டால் அதைவிட உப்பு. குடிக்கிற தண்ணீர் ஒரே ஒரு இடத்தில்தான் உண்டு. மணல்மேட்டுக்கு அடியில் முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் கசியும். அதற்குப் பெயர் ஊற்று. குழியின் பக்கம் சரியாமல் இருக்கச் சுற்றிலும் பனைமட்டையைச் செருகி, குந்தி உட்கார்ந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிரம்புகிற நேரத்தில் ஒரு உலைச்சோறு வெந்துவிடும். பெண்கள் முறை வைத்து மொள்ளுவார்கள். சண்டை வரும், சிரிப்பும் வரும், கல்யாணப் பேச்சுகூட அங்கேதான் முடியும்.

இந்த ஊருக்குத்தான் தென்கடல் மகளிர் கோல்ஃப் உடல்வலு மற்றும் நிலைத்தன்மை வாரியம் வந்து சேர்ந்தது. வாரியத்தின் தலைவர் ராமசுப்பிரமணியன், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பந்தல் போட்டு, பெண்களை மட்டும் உட்காரவைத்து, முக்கால் மணி நேரம் பேசினார்.

"தாய்மார்களே! உலக அரங்கிலே நம் பெண்கள் ஏன் கோல்ஃப் பந்தை இருநூறு கெசம் தாண்டி அடிப்பதில்லை? அறிவு இல்லையா? இருக்கிறது. ஆர்வம் இல்லையா? இருக்கிறது. இடுப்பு இல்லை! இதை வெளியில் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. எனக்கு வந்தது. நான் நாடெங்கும் தேடினேன். இங்கே மணல் இருக்கிறது, காற்று இருக்கிறது, வேறு ஒன்றுமே இல்லை. வேறு ஒன்றுமே இல்லாத இடம் கிடைப்பது எவ்வளவு அரிது தெரியுமா?"

முருகலட்சுமியின் மூத்த ஓரகத்தி வெள்ளையம்மாள் கையைத் தூக்கினாள். ஐம்பது வயதுக்காரி, வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள்.

"கோல்புன்னா என்ன சார்?"

"அது கடைசிக் கட்டம் அம்மா. முதலில் உடல்வலு. பிறகு நிலைத்தன்மை. பிறகு மட்டை. பந்தெல்லாம் அப்புறம்தான்."

"அதுக்கு எங்களுக்கு என்ன தருவீக?"

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவர் கையைக் காட்டிய பக்கம் லாரியிலிருந்து இறக்கிய நீலக் குழாய்கள் ஓடைமரத்தடியில் அடுக்கிக் கிடந்தன. மணல்மேட்டுக்கு அருகில் வாரியம் ஆழ்துளைக் கிணறு போடும். ஆழம் வரை போய் நல்ல தண்ணீரை எடுக்கிற மோட்டார் வரும். ஊரில் பன்னிரண்டு பெண்கள் நிலைத்தன்மைத் தேர்வில் தேறினால், அந்தக் கிணற்றிலிருந்து ஊருக்குள் குழாய் வரும், வீதிக்கு ஒரு பைப்பு என்றார்.

பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"ஒத்தக்கால்ல நின்னா தண்ணி வருமாக்கும்?" என்றாள் முருகலட்சுமி, மெதுவாக.

"வந்துச்சுன்னா நான் தலைகீழா நிக்கிறேன்டி" என்றாள் வெள்ளையம்மாள். சொன்ன கையோடு பட்டியலில் முதல் பெயரையும் அவள்தான் கொடுத்தாள், இரண்டாவது பெயர் முருகலட்சுமி.

கிணறு வந்தது. முதலில் உடல்வலு, கடைசியில் மைதானம் என்பது வரிசை. ஆனாலும் மைதானம் மட்டும் முந்திக்கொண்டது. ஊற்றுக்கு நாற்பதடி தள்ளி ஒன்றரை ஏக்கருக்கு எங்கிருந்தோ பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்து புல்லை விரித்தார்கள். புல்லுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குத் தெளிப்பான் குழாய்கள் நின்றன. மோட்டார் தானாக ஓடும், தானாக நிற்கும். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் புல் குளித்தது. முருகலட்சுமி ஒருநாள் தெளிப்பானுக்கடியில் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அவள் நனைந்தாள், குடம் நிரம்பவில்லை. மறுநாள் ஒரு பலகை நட்டார்கள். நிலைத்தன்மை பெறாதோர் புல்லின் மேல் கால் வைக்கக் கூடாது.

புல்லோரத்தில் தகரக் கொட்டகை. அதில் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் ஒரே ஒரு கோல்ஃப் மட்டை. தேறியவர்கள்தான் தொடலாம். தேறாதவர்கள் ஊக்கம் பெறுவதற்காகப் பார்க்கலாம்.

பயிற்சி காலை ஏழு மணிக்கு. ரப்பர் பட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார்கள். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி, உடம்பைப் பலகையாக்கி, மூச்சை எண்ணினார்கள். அதுவரை கரிமூட்டத்துக்கு விறகு சுமந்த பெண்கள். பலகை மாதிரி கிடப்பது சுகமாக இருக்கிறது என்று இரண்டு பேர் தூங்கிப்போனார்கள். அதன் பிறகு எடை தூக்கும் பயிற்சி வந்தது. இரும்பு எடைகள் வந்து சேரவில்லை. ஆகவே ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், மூடி உடைக்காதது, கைக்கு ஒன்றாகக் கொடுத்தார் சிநேகா.

பன்னிரண்டு பெண்கள் வெயிலில் நின்று தண்ணீரைத் தலைக்கு மேலே தூக்கினார்கள், இறக்கினார்கள். பதினைந்து தடவை, மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் வெள்ளையம்மாள் மூடியைத் திருகி ஒரு மடக்குக் குடித்துவிட்டாள்.

"அம்மா! குடிக்கக் கூடாது! எடை குறைஞ்சிரும்!" சிநேகா பதறிப்போனார்.

"பாட்டில்லதான டீச்சர் கொறஞ்சிருக்கு? மொத்தமா என்னையும் சேத்துத் தூக்கிப் பாருங்க, சரியாத்தான் இருக்கும்."

சிநேகா அன்று மாலையே மேலிடத்துக்கு எழுதினார். மறுவாரம் பாட்டில்களில் கடல்தண்ணீரை நிரப்பிக் கொடுத்தார்கள். உப்புத் தண்ணீர் எடை கூடுதல் என்பதால் அது முன்னேற்றமாகக் கருதப்பட்டது.

அடுத்த உத்தரவு குடத்தைப் பற்றி. இடது இடுப்பிலேயே சுமப்பதால் இடதுபுறம் ஏறுகிறது, ஆகவே இனி ஒரு வாரம் இடது, ஒரு வாரம் வலது. வலது வாரத்தில் மணல்மேட்டு இறக்கமெல்லாம் ஈரமாகக் கிடந்தது. வீடு வந்து சேர்ந்தது அரைக்குடம். ராக்கப்பன், "என்னடி, குடத்துல ஓட்டையா?" என்றான். "இல்ல, எனக்கு இடுப்பு தூங்குதாம்" என்றாள் முருகலட்சுமி. அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் செம்பைக் கீழே வைத்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்காமல் என்ன செய்ய? ஓடைமரத்தடியில் நீலக் குழாய் கண்ணெதிரே கிடந்தது.

ஊற்றைத் தலைவர் பார்த்தது இரண்டாம் மாதம். ஆய்வுக்கு வந்தவர், மணல்மேட்டுக்கு அடியில் குழிகளையும் குந்தியிருந்த பெண்களையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"பங்கர்! கோல்ஃப் மைதானத்து மணற்குழி! இயற்கையான பங்கர்! வெளிநாட்டில் இதை வெட்டுவதற்கு நிபுணர்களை அழைக்கிறார்கள். இங்கே நம் தாய்மார்கள் கையாலேயே வெட்டியிருக்கிறார்கள்!"

"சார், இது ஊத்து" என்றாள் முருகலட்சுமி. "நாங்க குடிக்கிற தண்ணி."

"அது உபயோகம் அம்மா. நான் சொல்வது தகுதி."

தகுதி வந்தபிறகு விதியும் வந்தது. பங்கரில் இறங்குகிறவர் வெளியேறும்போது மணலை வாரி இழுத்துச் சமன்செய்துவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருகிறவருக்குச் சுத்தமான மணல் கிடைக்க வேண்டும், அது விளையாட்டின் கண்ணியம். அதற்கென்று நீளக் கைப்பிடி வைத்த மணல்வாரி இரண்டு கொடுத்தார்கள். குழியைச் சுற்றிச் செருகியிருந்த பனைமட்டைகள் தடைப்பொருள் என்று பிடுங்கப்பட்டு ஒரு மூலையில் குவிக்கப்பட்டன. ஆக, பெண்கள் விடியக்காலையில் ஊற்றைத் தோண்டித் தண்ணீர் மொண்டார்கள், மொண்டு முடித்ததும் மூடி, மணல்வாரியால் கோலம் போட்ட மாதிரி இழுத்துவிட்டுப் போனார்கள், மறுநாள் மறுபடி தோண்டினார்கள். வருசக்கணக்கில் மிதிபட்டு இறுகிக்கிடந்த விளிம்பு பொலபொலவென்று ஆகிவிட்டது.

புல் ஒருபக்கம் உறிஞ்சியது. முழங்கை ஆழத்தில் கிடந்த தண்ணீர் இடுப்பளவுக்குப் போனது, பிறகு கழுத்தளவுக்கு. ஐந்தாம் மாதம் ஒருத்தி உள்ளே இறங்கி மொண்டு கொடுக்க, இன்னொருத்தி மேலே நின்று வாங்க வேண்டியிருந்தது. சிநேகாவிடம் சொன்னார்கள். அவர் குழியை எட்டிப் பார்த்து, "இறங்கி ஏறுறது லெக் ஸ்ட்ரெங்த்துக்கு நல்லது" என்றார். சொன்னபிறகு அவர் முகம் என்னவோ போலாயிற்று. மேலிடத்துக்கும் எழுதினார். மேலிடம், பங்கரின் ஆழம் பற்றி விதி எதுவும் இல்லை என்று பதில் எழுதியது.

ஆறாம் மாதம் தேர்வு வந்தது. தேர்வாளர் அருள்முருகன் ஒரு கறுப்புப் பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொட்டகையில் வைத்தார். அதன் மேல் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஆட்டம் அதிகம், தோல்வி. பச்சை எரிந்தால் ஆட்டம் அளவோடு இருக்கிறது, தேர்ச்சி. எதுவுமே எரியாவிட்டால் பலகையில் ஆள் ஏறவில்லை என்று பொருள்.

முருகலட்சுமி ஏறி நின்றாள். தளும்பும் குடத்தோடு மணல்மேட்டில் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். ஒரு நிமிடம் ஆயிற்று.

"ஏறுங்கம்மா" என்றார் அருள்முருகன், தலை நிமிராமல்.

"ஏறித்தான சார் நிக்கிறேன்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "ஏறலைன்னு சொல்லுதே."

"நீங்கதான் பாக்குறீகளே."

"நான் பாக்குறது கணக்கில்லைம்மா. மனுசன்னா நிக்கும்போது கொஞ்சமாச்சும் ஆடணும். செங்கல்லை வெச்சா எப்படி இருக்குமோ அப்படிக் காட்டுது." மெஷின் பழுதோ என்று அவரே ஏறிப் பார்த்தார். சிவப்பு எரிந்தது. சட்டென்று இறங்கி, "நான் தேர்வு எழுதுறவன் இல்லை" என்றார்.

பன்னிரண்டு பேரும் ஏறினார்கள். பன்னிரண்டு தடவையும் விளக்கு எரியவில்லை. ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தேர்வுக்கு ஒருவர்கூட வராததற்கு வாரியம் வருந்துவதாகவும், இந்த அலட்சியம் தொடர்ந்தால் குழாய்கள் வேறு ஊருக்கு மாற்றப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். சிநேகா வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும், "நீங்க எல்லாரும் வந்தீங்கன்னு நான் எழுதினேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அதற்கும் பதில் வந்திருந்தது. பயிற்சியாளரின் கண் அளவீட்டுக் கருவி ஆகாது.

"ஆடணுமாம்ல, ஆடுவோம்" என்றாள் வெள்ளையம்மாள். "எங்க வீட்டுலயே ஒரு வாத்தியார் இருக்காரு."

அவள் கணவர் கூத்தையா கள்ளுக்குப் போய்விட்டு வருகிறவர். சாயங்காலம் அவர் மணலில் தள்ளாடிக்கொண்டு வர, பின்னாலேயே பன்னிரண்டு பெண்கள் அதே மாதிரி தள்ளாடிக்கொண்டு வந்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் கள்ளுப் பக்கம் போகவில்லை. வாரியத்தால் ஊருக்கு என்ன நன்மை என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

பழக்கமில்லாத ஆட்டம். குடத்தோடு நடக்கும்போதும் ஆடிப் பார்த்ததில் வெள்ளையம்மாள் மேட்டிலிருந்து உருண்டு முட்டியைச் சுளுக்கிக்கொண்டாள். எலும்பு ஒன்றும் ஒடியவில்லை, ஆனால் அந்தக் கால் ஊன்றினால் வெடவெடவென்று நடுங்கும்.

மறுதேர்வில் பதினொரு பேருக்குச் சிவப்பு. வெள்ளையம்மாள் ஏறி நின்றாள், முட்டி நடுங்கியது, பச்சை எரிந்தது.

தலைவர் நேரில் வந்தார். மாலை போட்டார். வெள்ளையம்மாளின் முகத்தை ஆளுயரத்துக்குத் தட்டியில் அடித்து, சாயல்குடி போகிற பாதையில் நட்டார்கள். நிலைத்தன்மையின் தாய் என்று கீழே எழுதியிருந்தது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மட்டையைத் தொடச் சொன்னார்கள். அவள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், படம் எடுத்தார்கள், பெட்டியை மறுபடி பூட்டினார்கள்.

"முட்டிவலிக்கெல்லாம் மாலை போடுறாகளே, தலைவலிக்கு என்ன போடுவாக?" என்று ஊற்றில் உட்கார்ந்து சிரித்தாள் அவள். பிறகு முருகலட்சுமியைப் பார்த்து, "ஏத்தா, உங்க பதினோரு பேருக்கும் நானே முட்டிய ஒடச்சு விட்டுர்றேன். குழாய் வந்துரும், பெறகு வீட்டுல கால நீட்டிக் கெடப்போம்" என்றாள். அந்தப் பேச்சுக்கு எல்லோரும் சிரித்தார்கள். முருகலட்சுமி அதிகமாகச் சிரித்தாள். அதை அவள் பிறகு மறக்கவே இல்லை.

எட்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முருகலட்சுமியின் முறை. கூடவே வெள்ளையம்மாள். குழி ஆள் ஆழத்துக்கு மேலே போயிருந்தது. இறங்குவதற்கு முருகலட்சுமி சேலையைச் செருகினாள்.

"நீ மேல நில்லு. என்னால குடத்தத் தூக்கிட்டு நிக்க முடியல. உள்ள உக்காந்து மொண்டு தாரேன்" என்று வெள்ளையம்மாள் இறங்கினாள்.

மூன்று குடம் நிரம்பியது. பக்கத்தில் புல்லுக்குத் தண்ணீர் சுழன்று சுழன்று விழுந்துகொண்டிருந்தது.

"போதும்க்கா, ஏறு."

"இன்னும் ரெண்டு செரட்டதான்டி, பொறு."

மணல் சரியும்போது சத்தம் கேட்பதில்லை. முருகலட்சுமி குனிந்து பார்க்கும்போது குழி பாதியாக இருந்தது, அவள் கத்தும்போது குழியே இல்லை. வாரியம் சொன்னபடி மணல் அங்கே சமனாக, சுத்தமாக இருந்தது.

கையால் தோண்டினாள். ஊரே ஓடிவந்து தோண்டியது. தோண்டத் தோண்ட உள்ளே சரிந்தது. மணல்வாரி இரண்டும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு வேலைக்கு ஆயின. பிடுங்கிப்போட்ட பனைமட்டைகளை மறுபடி கொண்டுவந்து செருகித்தான் சரிவை நிறுத்த முடிந்தது. வெளியே எடுத்தபோது வெள்ளையம்மாளின் கையில் சிரட்டை இருந்தது. விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. முருகலட்சுமி அவளை மடியில் போட்டுக்கொண்டு, வாயிலிருந்த மணலை விரலால் வழித்துக்கொண்டே இருந்தாள். யார் சொல்லியும் நிறுத்தவில்லை.

பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டு உடல் திரும்பி வர மறுநாள் மதியம் இரண்டு மணியாயிற்று. அதே நேரத்துக்கு வாரியத்தின் காரும் வந்தது. தலைவர், அருள்முருகன், சிநேகா. கொட்டகையில் நின்று தலைவர் பேசினார். ஊர் வெயிலில் நின்றது.

"நம் நிலைத்தன்மையின் தாயை இழந்துவிட்டோம். காரணத்தை ஆராய்ந்தோம். மனம் வேதனைப்படுகிறது, ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். குனியும்போது முதுகு நேராக இருக்க வேண்டும், இடுப்பிலிருந்து மடங்க வேண்டும். இதை நாம் மூன்றாம் வாரத்திலேயே கற்பித்தோம். அம்மையார் குந்தி உட்கார்ந்திருந்தார். பங்கரில் குந்துவது எந்த நாட்டிலும் அனுமதிக்கப்பட்டதல்ல. அவருடைய தியாகம் வீண்போகாமல், மற்ற தாய்மார்கள் தங்கள் நிற்கும் முறையைத் திருத்திக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்."

சிநேகா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூத்தையா வீட்டு வாசலில் பிணத்தைக் குளிப்பாட்ட வேண்டும். அதற்கு நீர்மாலை எடுக்க வேண்டும். பங்காளி வீட்டார் குடங்களோடு நீர்நிலைக்குப் போய், மொண்டு, தலைக்கு மேலே வேட்டி பிடித்து ஊர்வலமாகக் கொண்டுவருகிற தண்ணீர் அது. நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், கடல் நீர் ஆகாது, வீட்டில் சேர்த்து வைத்த தண்ணீரும் ஆகாது. ஊற்று சரிந்து கிடந்தது. மொள்ளுவதற்கு ஒரு துளி கிடையாது.

முருகலட்சுமி ஏழு குடத்தை வரிசையாக வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

"சார், எங்க அக்காவக் குளிப்பாட்டணும். ஏழு கொடம். மோட்டாரத் தொறந்து விடுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நான் கல் இல்லை. எனக்கும் தாய் இருந்தாள். ஆனால் பன்னிரண்டு என்பது விதி. ஊருக்குத் தண்ணீர் கொடுத்தால் நாளைக்கு யார் பயிற்சிக்கு வருவார்கள்?" பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. "எல்லோரும் கூடித்தானே இருக்கிறீர்கள்? இப்போதே தேர்வை வைத்துவிடலாம். அருள்முருகன், பலகையை எடுங்கள். தேறிவிட்டால் ஏழு குடம் என்ன, குழாயே வந்துவிடும்."

கூத்தையா வீட்டிலிருந்து ஒப்பாரிச் சத்தம் கேட்டது. ஒரு ஆளைக் கிடத்தியிருக்க இப்படியும் கேட்பார்களா என்று ஊருக்குத் தோன்றியது. கேட்டார்கள். முருகலட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறினாள்.

நேற்றுக் காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. தோண்டித் தோண்டி நகமெல்லாம் போயிருந்தது. அவள் நிற்கத்தான் நின்றாள், உடம்பு நிற்கவில்லை. தோளிலிருந்து பாதம் வரை மெல்லிசாக நடுங்கிக்கொண்டே இருந்தது.

பச்சை எரிந்தது.

அடுத்தவள் ஏறினாள், பச்சை. அதற்கடுத்தவளுக்கும் பச்சை. அழுது ஓய்ந்த பதினொரு பெண்கள் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக ஏறி இறங்கினார்கள். பதினொரு தடவையும் பச்சை எரிந்தது.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எட்டு மாத உழைப்பு! பார்த்தீர்களா சிநேகா? ஒரே நாளில் பதினொருவர்! வெள்ளையம்மாளோடு பன்னிரண்டு!"

அருள்முருகன் தொண்டையைச் செருமினார். "பதினொண்ணுதான் சார். அவங்க பேரைக் காலைலயே எடுத்தாச்சு. தேர்ச்சி உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் செல்லும்."

தலைவர் கொஞ்சம் யோசித்தார். விதி விதிதான் என்று அவர் முகத்தில் தெரிந்தது. "ஒன்றுதானே குறைகிறது" என்றார். "மனம் தளர வேண்டாம். அடுத்த மாதம் ஒருவரைச் சேர்த்துவிட்டால் ஆயிற்று."

முருகலட்சுமி அவரைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிப் பெட்டியை நோக்கிப் போய், முழங்கையால் ஒரே இடி இடித்தாள். மட்டையை உருவிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினாள். எட்டு மாதத்தில் அவள் புல்லின் மேல் முறையாகக் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. தேறியவள் அல்லவா?

"அம்மா, மட்டை! மட்டையைக் கீழே வையுங்கள்!" என்றார் தலைவர்.

தெளிப்பான் குழாய்க்கு எதிரே போய் நின்றாள். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்தாள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாள். முதுகு நேராக இருந்தது, இடுப்பிலிருந்துதான் மடங்கினாள். எடையை வலது காலுக்குக் கொண்டுபோய், மட்டையைத் தோளுக்கு மேலே ஏற்றி, இடுப்பைத் திருப்பி, உள்ளதையெல்லாம் சேர்த்து அடித்தாள்.

குழாய் அடியோடு பெயர்ந்து மணல்மேட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. தண்ணீர் பனை உயரத்துக்குக் கிளம்பியது.

"ஹிப் திரும்பிடுச்சு" என்று சிநேகா தன்னையறியாமல் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"என்ன காரியம் செய்துவிட்டாய்! யாரைக் கேட்டு..." தலைவர் நனைந்துகொண்டே ஓடிவந்தார்.

"எழுதிக்கங்க சார்" என்றாள் முருகலட்சுமி. அவள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் குடத்தை எடுத்தாள். "பன்னெண்டாவது ஆளு எங்க அக்கா. இந்தத் தண்ணி அவளுக்கு."

ஏழு குடமும் நிரம்பின. ராக்கப்பனும் கூத்தையாவும் இன்னும் இரண்டு பேரும் நாலு முனையில் வேட்டியைப் பிடித்தார்கள். முருகலட்சுமி முன்னால் நடந்தாள், குடம் இடது இடுப்பில் இருந்தது. வழியில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. தலைவர் போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். நீலக் குழாய்கள் ஓடைமரத்தடியில் அப்படியே கிடந்தன.

வாசலில் வெள்ளையம்மாளை உட்காரவைத்து, பின்னால் ஒருத்தி தாங்கிக்கொள்ள, முருகலட்சுமி தலையில் ஊற்றினாள். முடியை வகிர்ந்து வகிர்ந்து அலசினாள். ஏழாவது குடத்தை ஊற்றும்போதும் முடியிலிருந்து மணல் வந்துகொண்டுதான் இருந்தது.